ஹூஸ்டன் தமிழ் மக்களுக்கு: அந்த மில்க்வீட் செடியை அக்டோபர்ல வெட்டிருங்க

ஹூஸ்டன்ல தோட்டம் போடுற அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

முருங்கை, கறிவேப்பிலைக்குப் பக்கத்துல நம்மள்ல நிறைய பேர் மோனார்க் பட்டாம்பூச்சிக்குன்னு ஒரு மில்க்வீட் வச்சிருக்கோம், செவப்பும் மஞ்சளுமா பூக்குமே, இலையைக் கிள்ளினா எருக்கு மாதிரி பால் வடியுமே, அதேதான் (எருக்கும் அதுவும் ஒரே குடும்பம்).

அது டெக்சாஸ் செடி இல்ல, ட்ராப்பிகல் மில்க்வீட். இந்த ஊர் மில்க்வீட் எல்லாம் குளிர்காலத்துல கருகி மண்ணுக்குள்ள அடங்கிடும், இது ஹூஸ்டன் குளிருக்கு பெரும்பாலும் சாகாம பச்சையாவே நிக்குது. ஓஇ-ன்னு ஒரு ஒட்டுண்ணி இருக்கு, தாய்ப்பூச்சி முட்டை வைக்கும்போது அது உடம்புலேர்ந்து இலைல உதிரும், புழு அதைத் தின்னு நோயோட வளரும், செடி சாகாததால இலைல நோய் சேர்ந்துக்கிட்டே போகுது.

போன வருஷம் என் தொட்டியில பாத்தேன். பச்சைக் கூடு, மேல ஊசிமுனை அளவு தங்கப்புள்ளிங்க. பூச்சி வெளிய வந்தப்போ றெக்கை கசங்குன காகிதம் மாதிரி சுருண்டே இருந்துச்சு, சாயந்திரம் வரைக்கும் தண்டுல ஏறி ஏறி விழுந்துச்சு. பாப்பா சர்க்கரைத்தண்ணில பஞ்சை நனைச்சு பக்கத்துல வச்சா. காலைல செத்துக் கெடந்துச்சு.

மோனார்க் அரை கிராம் எடைதாங்க. கனடா பக்கத்துலேர்ந்து கிளம்பி, சிலது 4,000 கிலோமீட்டருக்கு மேல பறந்து மெக்சிகோல மிச்சோவகான் மலைக்காட்டுக்குப் போய்ச் சேருது, மார்ச்ல அங்கேர்ந்து கிளம்பினது இதோட பாட்டன் பூட்டன், இது அந்த வழியை ஒரு தடவை கூட பாத்ததில்ல. 1996-97 குளிர்காலத்துல அங்க 18 ஹெக்டேருக்கு மரம் மரமா அடைஞ்சிருந்துச்சு, 2023-24ல வெறும் 0.9 ஹெக்டேர். மக்காச்சோளக்காட்டுல மில்க்வீடை அழிக்கிற களைக்கொல்லி, மரம் வெட்டுறதுன்னு காரணம் நிறைய இருக்கு, நம்மால உடனே செய்ய முடிஞ்சது இந்தச் செடி விஷயம்தான்.

அக்டோபர் வந்ததும் தரையோட வெட்டுங்க, பிப்ரவரி வரைக்கும் தளிர் விட விட மறுபடி வெட்டணும், பால் பட்ட கையோட கண்ணைத் தொட்டுடாதீங்க. முடிஞ்சா பிடுங்கிட்டு இந்த ஊர்ச் செடியான கிரீன் மில்க்வீட் வைங்க, நர்சரில பேரைச் சொல்லிக் கேளுங்க, சும்மா மில்க்வீட்னா செவப்புப் பூவைத்தான் எடுத்து நீட்டுவாங்க. கொசு மருந்து அடிக்க வர்றவங்ககிட்ட பட்டாம்பூச்சி வர்ற சீசன்ல வேண்டாம்னு சொல்லிருங்க, ப்ளீஸ்.

என்கிட்ட கிரீன் மில்க்வீட் விதை நிறைய இருக்கு, எருக்கு விதை மாதிரியே பஞ்சோட இருக்கும். யார் வேணா வந்து வாங்கிக்கோங்க, ஈரத்துணில சுத்தி ஒரு மாசம் ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு அப்புறம் விதைங்க.