ஒரு சட்டியில் இரண்டு சாப்பாடு

பலெர்மோ, சிசிலி, இத்தாலி,
ஞாயிறு இரவு

அன்பின் தோழிக்கு,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மகன் லண்டனில் அறை எடுத்த நாளிலிருந்து கடைச் சாப்பாட்டிலேயே காசைக் கரைக்கிறான் என்று கவலைப்பட்டிருந்தாய். இன்று மத்தியானம் நான் சமைத்ததை அப்படியே எழுதுகிறேன், அவனுக்குச் சொல்லிக் கொடு. ஐந்து பேர் சாப்பிட்டோம், பத்து யூரோவுக்குள் முடிந்தது.

கோழி நெஞ்சு வேண்டாம். விலையும் கூட, வறண்டும் போகும். எலும்பும் தோலும் உள்ள கால் ஒரு கிலோ போதும். உப்புத் தடவி, தோல் பக்கம் கீழே இருக்க அகலமான சட்டியில் அடுக்கி, பத்து நிமிடம் தொடாமல் விடவேண்டும். அவசரப்பட்டுப் புரட்டினால் தோல் ஒட்டிக் கிழியும். பொறுத்திருந்தால் தானாகவே கழன்று வரும், செம்பு நிறத்தில், ஓரம் சுருண்டு. கோழியை எடுத்து வைத்துவிட்டு, அதிலிருந்து கசிந்த கொழுப்பிலேயே வெங்காயம், கரட், செலரி, இரண்டு பல் உள்ளி வதக்கு. ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விட்டு அடியில் பிடித்ததைச் சுரண்டி எடு. ருசி முழுக்க அதில்தான் இருக்கிறது. பிறகு 700 கிராம் தக்காளிச் சாறு, போத்தலைக் கழுவிய தண்ணீர், ஒரு கொத்து ரோஸ்மேரி. கோழியைத் திரும்பப் போட்டு மூடி, சின்ன நெருப்பில் முக்கால் மணி நேரம். இதை இங்கே வேட்டைக்காரர் முறைக் கோழி என்பார்கள்.

வந்த புதிதில் கோழியையும் பாஸ்தாவையும் ஒன்றாகப் போட்டுக் கிளறப் போனேன். இந்த வீட்டில் நான் பார்த்துக்கொள்ளும் வயதான அம்மா என் கையைப் பிடித்துத் தடுத்தார். முதல் கோப்பையில் குழம்பு புரட்டிய பாஸ்தா, அது முடிந்த பிறகுதான் கோழி. அன்று அது எனக்கு வீண் சம்பிரதாயமாகப் பட்டது. இந்த வீட்டுச் செலவை நானே பார்க்கத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. பாஸ்தாவில் வயிறு பாதி நிரம்பிவிடும், பிறகு ஆளுக்கு ஒரு துண்டுக் கோழி போதும். யாரும் குறைவாகச் சாப்பிட்டதாக உணர்வதில்லை.

பாஸ்தா பைக்கற்றில் துரம் கோதுமை, அதாவது கடினவகைக் கோதுமை, என்று இருக்கவேண்டும், அதுதான் குழையாது. 100 கிராமுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், 10 கிராம் உப்பு. பைக்கற்றில் சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே எடுத்து, குழம்பில் போட்டு, அவித்த தண்ணீர் ஒரு அகப்பை விட்டுப் புரட்டச் சொல். அந்தத் தண்ணீரின் மாச்சத்துத்தான் குழம்பை இழையோடு பிடிக்க வைக்கும்.

சீஸ் வாங்கக் காசில்லையென்றால் பழைய பாணைத் தூளாக்கி, ஒலிவ் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்துத் தூவட்டும். சிசிலி ஏழைகளின் சீஸ் அது. எனக்கு இப்போது சீஸைவிட அதுதான் பிடிக்கிறது.

இங்கிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீற்றரில் திராபியா என்று ஒரு ஊர். 1154இல் அல் இத்ரீசி என்ற அரபுப் புவியியலாளர், அங்கே மாவை இழையாக்கிக் கப்பலில் வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். நம் இடியப்பம்தான் ஞாபகம் வந்தது.

அந்த அம்மாவுக்கு இப்போது 88 வயது, கட்டிலை விட்டு எழும்புவதில்லை. பின்னேரம் ஒரு கோப்பை கொண்டுபோய், கோழியை நாராக்கி ஊட்டினேன். ‘உப்பு சரி’ என்றார். அவர் வாயால் அதைக் கேட்க எனக்குப் பதினோரு வருடம் எடுத்திருக்கிறது.

அப்புறம், உன் அம்மா வைக்கும் கூழுக்குப் புளியும் செத்தல் மிளகாயும் எவ்வளவு என்று கேட்டு எழுது. ஒடியல்மா வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி