சேகருக்கு, கிராண்ட் ஃபைனல் முடிந்து எட்டாம் நாள்

சிட்னி
அக்டோபர் 6, 2024

அன்புள்ள சேகர்,

முதலில் மன்னிப்பு. சாந்தி கோழியை ஊறவைத்துவிட்டு, "எட்டு மணிக்குள்ள வந்துடுங்க அண்ணா" என்று சொல்லித்தான் அனுப்பியது. நானும் மலரும் ஆட்டம் முடிந்து மெல்பர்ன் எம்.சி.ஜி. மைதானத்திலிருந்து ரிச்மண்ட் வந்து ரயில் பிடித்து கிளேட்டனில் இறங்கியபோது மணி ஏழு கூட ஆகவில்லை. கார் ஸ்டேஷனில்தான் நின்றது, உன் வீடு அங்கிருந்து ஐந்து நிமிடம். காரில் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டேன், உன் தெருப்பக்கம் திருப்ப மனசு வரவில்லை. "வீட்டுக்குப் போகலாம்பா" என்றாள் மலர். எந்த வீட்டுக்கு என்று கேட்கவே இல்லை. ஹ்யூம் நெடுஞ்சாலையைப் பிடித்து விடிவதற்குள் சிட்னி வந்துவிட்டோம். "கிளம்பிட்டோம், சாரி" என்று உனக்கு ஒரு செய்தி அனுப்பியதோடு சரி. அதற்கு நீ "பத்திரமா ஓட்டு" என்று மட்டும் பதில் போட்டாயே, அதைப் பெட்ரோல் பங்க்கில் நின்று படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் கோபப்பட்டிருப்பார்கள். உனக்குத் தெரிந்திருக்கிறது.

எட்டு நாள் ஆகியும் யாரிடமும் எங்கள் சிட்னி ஸ்வான்ஸ் பிரிஸ்பேன் லயன்ஸிடம் தோற்ற அந்த ஆஸ்திரேலிய ஃபுட்பால் கிராண்ட் ஃபைனலைப் பற்றி முழுசாகப் பேசவில்லை, ஆபீஸில் கேட்டால் "ஆமாம், தோற்றுட்டோம்" என்று நகர்ந்துவிடுகிறேன். உனக்காவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் குவார்ட்டரில் எங்கள் ஆட்கள் ஏதோ ஈடுகொடுத்தார்கள், அதை நம்பித்தான் மலரிடம் "இது வேற நாள்" என்று சொன்னேன். இரண்டாம் குவார்ட்டரில் பிரிஸ்பேன் கோல் மேல் கோலாகப் போட ஆரம்பித்ததும் நம்மவர்களின் தோள் தொங்குவது மேல் அடுக்கில் இருந்த எங்களுக்கே தெரிந்தது. பந்தை உதைப்பார்கள், அது போய் லயன்ஸ் ஆள் நெஞ்சில் விழும், அவன் ஆற அமர அதைக் கீழே விழாமல் பிடித்து, மார்க் எடுத்து அடுத்தவனுக்குத் தட்டிவிடுவான், பக்கத்தில் ஒரு ஸ்வான்ஸ்காரன்கூட இருக்கமாட்டான். அவர்களில் கேலம் ஆ-சீ நாலு கோல், காய் லோமன் நாலு கோல். வில் ஆஷ்கிராஃப்டுக்கு இருபதே வயது, போன வருஷம் முழங்கால் போய் உட்கார்ந்திருந்த பையன், ஏதோ தெருவில் விளையாடுகிற மாதிரி ஓடி ஓடி, ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் மெடலையும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவன் அப்பா மார்கஸ் ஆஷ்கிராஃப்ட் 2001, 2002, 2003 என்று மூன்று வருஷமும் அதே பிரிஸ்பேனுக்காகக் கோப்பை வாங்கியவர், ரத்தத்தில் இருக்கிறது போல. இடைவேளைக்கு முன்னாலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. கடைசியில் 120-க்கு 60. அவர்கள் எடுத்ததில் சரிபாதி.

பக்கத்து சீட்டில் ஒரு பாட்டி, எண்பதை நெருங்குவார். எங்கள் அணி சவுத் மெல்பர்னாக அல்பர்ட் பார்க் லேக் ஓவலில் ஆடின காலத்திலிருந்து பார்க்கிறவர். 1982-ல் அணியைச் சிட்னிக்குக் கொண்டுபோனபோது அவர் தெருவில் பாதிப்பேர் ஃபுட்டி பார்ப்பதையே விட்டுவிட்டார்களாம், இவர் மட்டும் விடவில்லை. கையில் சின்ன நோட்டு, பென்சில். ஆறு மதிப்புள்ள கோல் விழுந்தால் ஒரு கோடு, ஒன்று மட்டுமே மதிப்புள்ள ஓரத்து பிஹைண்ட் என்றால் ஒரு புள்ளி, இடதுபக்கம் எங்களுக்கு, வலதுபக்கம் எதிரணிக்கு. வலதுபக்கம் நிறைந்து அடுத்த வரிக்குப் போய்விட்டது. மூன்றாம் குவார்ட்டர் முடிந்ததும் எங்களுக்கு முன் வரிசையில் பாதிக்குமேல் எழுந்து போய்விட்டார்கள், மலரும் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். பாட்டி பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார், சேகர். ஐம்பது புள்ளிக்குமேல் பின்தங்கியிருக்கிறோம், பென்சில் மழுங்கிவிட்டது என்று சின்ன சீவியை எடுத்துச் சீவி, தூளைக் கைக்குட்டையில் தட்டிக்கொண்டு, கடைசி குவார்ட்டருக்குப் புதுக் கட்டம் போட்டார். மலர் பையைக் கீழே வைத்துவிட்டாள். ஆட்டம் முடிந்த சைரன் அடித்தபோது இடதுபக்கம் ஒன்பது கோடு, ஆறு புள்ளி. நோட்டை மூடி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டு "நீ எந்த வருஷம் பிறந்தாய்" என்று மலரிடம் கேட்டார், 2008 என்றதும் "அப்போ 2012 உனக்கு ஞாபகம் இருக்காது, இல்லையா" என்றார். இவளுக்கு நாலு வயசு அப்போது. ஞாபகம் இல்லைதான்.

அந்தக் கேள்வி இன்னும் என்னைக் குடைகிறது. என் மகள் விவரம் தெரிந்து பார்த்த கிராண்ட் ஃபைனல்களில் நாம் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. 2014-ல் ஹாதோர்னிடம் 63 புள்ளி, 2016-ல் புல்டாக்ஸிடம் 22, 2022-ல் ஜீலாங்கிடம் 81, இப்போது 60. ஹ்யூமில் ஓட்டிக்கொண்டே கூட்டிப் பார்த்தேன், நாலும் சேர்த்து 226. நெருக்கமாகப் போய்த் தோற்றிருந்தால் நான் இப்படி எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். 2006-ல் வெஸ்ட் கோஸ்டிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம், ஞாபகம் இருக்கிறதா, 85-க்கு 84? அன்றைக்கு அழுகை வந்தது, ஆனால் எழுந்து நின்று கைதட்டினோம். எனக்கு ஆத்திரம் எதில் என்றால், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜீலாங் முதல் குவார்ட்டரிலேயே ஆறு கோல் போட்டு நசுக்கியதே, அதே ஆட்டத்தைத் திரும்ப ஓட்டிக் காட்டிய மாதிரி இருந்தது இது. எதிரணி ஒரு அலை எழுப்பினால் அதைத் தடுத்து நிறுத்த எங்களிடம் ஒரு வழியும் இல்லை. அடங்கும்வரை காத்திருக்கிறோம், அதற்குள் கரை போய்விடுகிறது.

பிரிஸ்பேனைப் பார். 2023-ல் காலிங்வுட்டிடம் நாலு புள்ளியில் கோப்பையை விட்டவர்கள். இந்த வருஷம் ஐந்தாம் இடத்தில்தான் முடித்தார்கள். செமி ஃபைனலில் இங்கே ஹோம்புஷில், சிட்னியின் இன்னொரு அணியான ஜி.டபிள்யூ.எஸ்.ஸிடம் 44 புள்ளி பின்தங்கி, அதிலிருந்து எழுந்து ஜெயித்தார்கள். அடுத்த வாரம் ஜீலாங்கையும் துரத்திப் பிடித்தார்கள். லாக்கி நீல் பாதத்தில் காயத்தோடு ஆடியிருக்கிறார். தோல்வியை எடுத்து வைத்துப் பாடம் படித்தவர்கள் அப்படித்தான் வருவார்கள். நாங்கள் பட்டியலில் முதலிடம், முதல் 14 ஆட்டத்தில் 13 வெற்றி. அதற்கப்புறம் சரிவு ஆரம்பித்ததை எல்லோரும் பார்த்தோம். ஜூலையில் உன் செயின்ட் கில்டாவே எங்களை இரண்டு புள்ளியில் சாய்த்தது, நீ அன்றைக்கு ராத்திரி போன் பண்ணி ஆர்ப்பரித்தாய். ஆகஸ்டில் அடிலெய்டில் போர்ட் அடிலெய்டு அணியிடம் 112 புள்ளியில் தோற்றோம். நூற்றுப் பன்னிரண்டு! முதலிடத்தில் இருக்கிற அணி அப்படித் தோற்றால் ஏதோ உள்ளே உளுத்திருக்கிறது என்றுதானே அர்த்தம். அதற்கப்புறம் நாலைந்து ஆட்டம் ஜெயித்ததும் எல்லோரும் அதை மறந்துவிட்டோம், நானும்தான் மறந்தேன்.

இங்கே இந்த வாரம் முழுக்க ஒரே கூச்சல். கோச்சைத் தூக்கு, அவனை விற்று விடு, இவன் கோழை என்று. ஜான் லாங்மயர் 2011-லிருந்து இருக்கிறார். 2012 கோப்பை அவர் காலத்தில்தான் வந்தது, நாலு தோல்வியும் அவர் காலத்தில்தான். அவர் போகவேண்டுமா, இருக்கவேண்டுமா என்பதில் என் மனசு நாளுக்கொரு பக்கம் சாய்கிறது. ஐந்து முறை கிராண்ட் ஃபைனலுக்குக் கொண்டுபோய் நிறுத்துவது லேசான காரியம் இல்லை, உன் அணியைக் கேட்டால் தெரியும். ஆனால் ஒரே மாதிரி இரண்டு முறை உடைந்தால் ஏன் உடைந்தது என்று யாராவது மறைக்காமல் சொல்லவேண்டும். "ஏமாற்றமாக இருக்கிறது, திரும்பி வருவோம்" என்பதை 2022-லேயே கேட்டாயிற்று. சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்து வருஷா வருஷம் மெம்பர்ஷிப் கட்டுகிறவன் அந்தக் காரணத்தைக் கேட்பதில் என்ன தப்பு?

ஆட்டக்காரர்களைத் திட்டுகிறவர்களோடு மட்டும் எனக்குச் சேர முடியவில்லை. டேன் ராம்பியை நினைத்துப் பார், 34 வயது. இந்த நாலு தோல்வியிலும் மைதானத்தில் இருந்தவர், கழுத்தில் ஒரு மெடல்கூட விழவில்லை. ஜேக் லாய்டுக்கும் அதே கதை. கேப்டன் மில்ஸ் தொடைத் தசைக் காயத்தோடு வெளியே உட்கார்ந்து பார்க்கவேண்டியதாயிற்று. சைரன் அடித்தபின் அவர்கள் புல்லில் உட்கார்ந்திருந்த விதத்தை 1,00,013 பேர் பார்த்தோம். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து கோழை என்று எழுத எப்படிக் கை வருகிறதோ.

மலரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆல்பரி வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே பெட்ரோல் போட நிறுத்தினால், வரிசையில் எல்லாம் சிவப்பு வெள்ளைக் கொடி கட்டின கார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தார்கள். திரும்பக் கிளம்பியதும் அவளே ஆரம்பித்தாள், "அப்பா, பட்டி ஆயிரம் அடிச்ச அன்னிக்கு நாம கிரவுண்டுக்குள்ள ஓடினோமே". 2022 மார்ச் 25, 'பட்டி' என்று எல்லோரும் கூப்பிடும் எங்கள் ஃபிராங்க்ளினின் ஆயிரமாவது கோல். சிட்னி கிரிக்கெட் கிரவுண்டான எஸ்.சி.ஜி.யில் வேலி தாண்டி ஆயிரக்கணக்கில் இறங்கி, ஆட்டம் அரை மணி நேரத்துக்குமேல் நின்றுபோனதே, அந்தக் கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். அவள் ஒரு ஷூவைத் தொலைத்துவிட்டு ஒற்றைக் காலில் ட்ராமுக்கு நடந்தாள். அதை அவள் ஹ்யூமில் இருட்டில் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டே ஓட்டினேன், கண்டகை தாண்டி அப்படியே தூங்கிப்போனாள்.

சேகர், இன்னொன்று. பதினாலு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். 2010-ல் நீ இரண்டு சனிக்கிழமையும் எம்.சி.ஜி.யில் இருந்தாய். முதல் வாரம் கிராண்ட் ஃபைனலில் செயின்ட் கில்டாவும் காலிங்வுட்டும் 68-க்கு 68 என்று சமன், உங்கள் லென்னி ஹேஸ் உதைத்த பந்து மில்ன் கைக்கு வரவேண்டியது, கோணலாகத் துள்ளிக் கோட்டைத் தாண்டி ஒரே ஒரு புள்ளியாகப் போயிற்று. அடுத்த வாரம் திரும்ப ஆடியதில் காலிங்வுட் 108, நீங்கள் 52. அன்றைக்கு ராத்திரி எனக்கு நீ நாலு பக்கம் மெயில் எழுதினாய். 1966-க்கப்புறம் வராத கோப்பை, அந்தப் பந்து ஒரு சாண் இந்தப் பக்கம் துள்ளியிருந்தால் என்று. நான் பதிலுக்கு எழுதியது ஒரே வரி: "விளையாட்டுதானே, விடுடா." அதற்கப்புறம் கிறிஸ்துமஸ் வரை நீ பேசவில்லை, வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். எங்களுக்கு 2005-ல் லியோ பாரி அந்த மார்க்கைப் பிடித்துக் கோப்பை கொடுத்துவிட்டார், 72 வருஷக் காத்திருப்பு முடிந்தது, வயிறு நிறைந்தவன் பேச்சு அது. போன சனிக்கிழமை ஒருத்தர் எனக்கு அதே வரியை அனுப்பினார். படித்ததும் உன் மெயிலைத் தேடி எடுத்தேன். இப்போதுதான் முழுசாகப் படிக்கிறேன்.

இத்தனைக்கும் இந்த ஆட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். 1996-ல் ஆபர்னில் நாம் மூன்று பேர் இருந்த அந்த ஃபிளாட்டில், "நாலு கம்பம் நட்டிருக்கான் பார், நடுவுல போனா ஆறு, ஓரத்துல போனா ஒண்ணு" என்று சொன்னாய். அந்த வருஷம்தான் டோனி லாக்கெட் சைரனுக்கப்புறம் உதைத்து அந்த ஓரத்து ஒன்றை எடுத்து எசெண்டனை வீழ்த்தினார். பிறகு நீ மெல்பர்ன் போய், லாக்கெட் முதலில் ஆடின அணி என்று செயின்ட் கில்டாவைப் பிடித்துக்கொண்டாய், நான் அவர் வந்த அணியோடு இங்கேயே இருந்துவிட்டேன்.

மற்றபடி இங்கே எல்லோரும் நலம். உமாவுக்கு வெஸ்ட்மீடில் நைட் ஷிஃப்ட் குறைந்திருக்கிறது, அவ்வளவு நிம்மதி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? வெள்ளிக்கிழமை ராத்திரி மாடிப்படியில் நீ கைப்பிடியைப் பிடித்து ஏறியதைப் பார்த்தேன், கேட்க நினைத்து மறந்துவிட்டேன். பிசியோவிடம் போவதை நிறுத்தாதே.

மெம்பர்ஷிப் புதுப்பிக்கச் சொல்லி மெயில் வந்தாயிற்று. நான் இன்னும் திறக்கவில்லை, மலர் தன்னுடையதை நேற்றே கட்டிவிட்டாள், பகுதிநேர வேலைச் சம்பளத்தில். அடுத்த வருஷம் செயின்ட் கில்டா எஸ்.சி.ஜி. பக்கம் வந்தால் நீயும் சாந்தியும் கட்டாயம் வரவேண்டும், இந்த முறை பிரியாணி எங்கள் வீட்டில்.

மலருடைய தலையணையும் என் படிக்கிற கண்ணாடியும் உன் வீட்டில் மாடி அறையில் இருக்கின்றன. தலையணைக்கு அவசரம் இல்லை. கண்ணாடியை மட்டும் தபாலில் போட்டுவிடு, இதைப் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அன்புடன்
முரளி