நாயோடு கிளம்புகிறவர்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குனி, சித்திரையில் நெல்லைச் சீமையில் குடும்பத்தோடு போய்வரக்கூடிய இடங்கள் என்று தாங்கள் வெளியிட்ட பட்டியலைப் படித்தேன். பாபநாசம், மணிமுத்தாறு, கூந்தன்குளம், திருப்புடைமருதூர், கங்கைகொண்டான் என்று எல்லாமே போக வேண்டிய இடங்கள்தான். பஸ் வழி, சாப்பாடு, குளிக்க வசதி எல்லாம் இருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிற பல குடும்பங்கள் வீட்டு நாயையும் காரில் ஏற்றிக்கொண்டுதான் கிளம்புகின்றன. எந்த இடத்துக்கு நாயைக் கூட்டிப்போகலாம், எங்கே கூடவே கூடாது என்று ஒரு சொல்லும் இல்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நாயைக் கூட்டிப்போவதை நான் குறை சொல்லவில்லை. முன்பெல்லாம் வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போனால் வாசலில் கட்டிப்போட்டு, பக்கத்து வீட்டில் சோறு வைக்கச் சொல்லிவிட்டுப் போவார்கள். அது நாள் முழுக்க ஊளையிட்டுக்கொண்டு கிடக்கும். எங்கள் வீட்டிலும் தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய் ஒன்று இருக்கிறது. ஆற்றங்கரைக்குப் போனால் அதற்கு வருகிற சந்தோஷத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். பிசான அறுவடை முடிந்து வயலெல்லாம் வெறும் தாளாகக் கிடக்கிற காலம் இது. வேம்பு பூத்திருக்கிறது, புங்கை தளிர் விட்டிருக்கிறது. நடக்க இதைவிட நல்ல காலம் நம் பக்கம் கிடையாது.

ஆனால் இதே பங்குனி, சித்திரைதான் பறவைகள் குஞ்சு வளர்க்கிற காலமும். கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரங்களிலேயே மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டியிருக்கும். காற்றடித்தால் குஞ்சு கீழே விழும். விழுந்த குஞ்சை எடுத்து, மீன் கொடுத்துத் தேற்றி, பறக்கவிட்ட மனிதர்கள் வாழும் ஊர் அது. பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி போடாதவர்கள். 1994-இல் சரணாலயமாகி, 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் வெளியூர்க் காரிலிருந்து இறங்கிய ஒரு நாய் அவிழ்த்துவிட்டபடி மரத்தடி மரத்தடியாக மோந்துகொண்டு ஓடியதைப் பார்த்தேன். கூட வந்தவர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். விவரம் தெரியாமல்தான் செய்திருப்பார்கள். தெரிந்திருந்தால் கையில் பிடித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

திருப்புடைமருதூரும் அப்படித்தான். நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றி ஆற்றங்கரை மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டும் அந்த இடம், 2005-இல் நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பிடமாக (கன்சர்வேஷன் ரிசர்வ்) அறிவிக்கப்பட்டது. பரப்பு 3 ஹெக்டேர்கூட வராது. அவ்வளவு சிறிய இடத்தில் ஒரு நாய் குரைத்துக்கொண்டு சுற்றினால் கூட்டில் இருக்கும் தாய்ப்பறவை எழுந்துவிடும். சித்திரை வெயிலில் தாய் நிழல் கொடுக்காத குஞ்சு எவ்வளவு நேரம் தாங்கும்?

மரத்தில் கூடு இருந்தால் கண்ணுக்காவது தெரியும். ஆள்காட்டிக் குருவி வெறும் தரையில், கட்டாந்தரை நிறத்திலேயே முட்டை வைக்கும். அறுத்த வயலிலும் குளத்துக் கரையிலும் காலடியில் இருந்தாலும் நமக்குத் தெரியாது, நாய்க்கு மூக்காலே தெரிந்துவிடும். தலைக்கு மேல் அது விடாமல் கத்திக்கொண்டு சுற்றினால் முட்டை பக்கத்தில்தான் இருக்கிறது என்று அர்த்தம். உடனே நாயை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட வேண்டும்.

அதே வயலில் உரத்துக்காக ராத்திரி ஆட்டு மந்தையைப் படுக்கவைக்கும் ஆட்டுக் கிடையும் போட்டிருப்பார்கள். சேரன்மகாதேவி பக்கம் கிடை போட்டிருந்த ஒரு அண்ணாச்சி எங்கள் நாயைப் பார்த்ததும் எழுந்து வந்து, "எக்கா, நாயைக் கயித்துல பிடிச்சுக்கிடுங்க. ஆடு ஒருக்கா மிரண்டுட்டுன்னா ராத்திரி கிடையில படுக்காது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கிடை நிற்கவில்லை என்றால் வயல்காரர் கூலி கொடுக்க மாட்டார், அவ்வளவுதான் அவர் கவலை. நம் நாய் விளையாட்டாக ஒரு ஓட்டம் ஓடுவது இன்னொருவருடைய பிழைப்பில் போய் முடியும்.

கங்கைகொண்டானில் புள்ளிமான்கள் இருக்கின்றன. நாய் துரத்திய மான் கடி படாமல் தப்பினாலும், ஓடிய ஓட்டத்திலும் பயத்திலும் தசை சிதைந்து பின்னால் செத்துப்போவது உண்டு. அங்கே நாயைக் கொண்டுபோகவே வேண்டாம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்கும் அப்படியே. சோதனைச் சாவடியில் நாயை இறக்கச் சொல்கிறார்கள் என்று சிலர் சண்டை போடுகிறார்கள். வனத்துறை ஊழியர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. டிஸ்டெம்பர், பார்வோ போன்ற நோய்க்கிருமிகள் வீட்டு நாயிலிருந்து காட்டு விலங்குக்குப் போகக்கூடியவை. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது அவற்றில் சிலவற்றில் நாய்களுக்கு வரும் இந்த டிஸ்டெம்பர் கிருமியும் கண்டறியப்பட்டது. சரணாலயத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் வளர்க்கும் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே சொல்வதும் இப்படி நோய் தொற்றிவிடும் என்பதால்தான்.

காடு கூடாது என்றால் காரில் பூட்டி வைத்துவிட்டுப் போய் வரலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். சித்திரையில் பாளையங்கோட்டையில் 38 டிகிரி என்பது சாதாரணம். நிறுத்திய காருக்குள் பத்து நிமிடத்தில் அதற்கு மேல் ஏறிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பயனில்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதுதான் அதற்கு வழி. பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கும், ஹஸ்கி மாதிரி அடர்ந்த ரோமம் உள்ளவற்றுக்கும் அதுவும் போதாது. எச்சில் வடிந்து, ஈறு சிவந்து, தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிறிவிட்டு, நேரே மாட்டாஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி நம்மால் வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் வெந்துபோகும். காலை ஒன்பது மணிக்குள், இல்லையென்றால் வெயில் தாழ்ந்த பிறகு போனால் போதும்.

ஆற்றில் நாயைக் குளிப்பாட்டுவதாக இருந்தால் ஆட்கள் குளிக்கும் படித்துறைக்குக் கீழ்ப்பக்கமாக, தண்ணீர் ஓடிப்போகிற திசையில் குளிப்பாட்டலாம். பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விட்டுப்போகிற துணிகள் இன்னும் மிதக்கின்றன, நாயின் காலில் சிக்கும். (அந்தத் துணிகளைப் பற்றியே நீங்கள் தனியாக எழுத வேண்டும்.) வீட்டுக்கு வந்ததும் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் போகிறவர்களுக்கு இன்னொன்று: கிடா விருந்தில் மிஞ்சிய எலும்பைப் போடாதீர்கள். வெந்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் குத்தும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி வருடா வருடம் போட்டிருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கோயிலில் பிள்ளைகள் கூட்டமாக இருக்கும் இடத்துக்குப் போவதால் ஞாபகப்படுத்துகிறேன்.

இவ்வளவையும் பட்டியலில் போட இடம் இருக்காது என்று தெரியும். ஒவ்வொரு ஊருக்குக் கீழும் நாயைக் கூட்டிப்போகலாமா, கயிற்றோடு மட்டுமா, கூடவே கூடாதா என்று ஒரே ஒரு வரி போட்டால் போதும். கூந்தன்குளம், திருப்புடைமருதூருக்கு இந்த மாதங்களில் "கூடாது" என்றே போடுங்கள். வண்ணாரப்பேட்டை, குறுக்குத்துறை ஆற்றங்கரைக்கு "கயிற்றோடு, காலையில்" என்று போடலாம். சித்திரை விசுவுக்கு எப்படியும் பாபநாசம் பற்றி இன்னொரு பக்கம் வெளியிடுவீர்கள். அதிலிருந்தே தொடங்கினால் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கிற இந்த விடுமுறைக்குள் பலருக்கும் போய்ச் சேரும்.

அன்புடன்,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை