கல் மண்டபத் திருப்பணி: பாக்கி 10,650 டாலர், கெடு ஆகஸ்ட் 31

அன்புடையீர், வணக்கம்.

பூங்காவின் கல் மண்டபத்தைப் புதுப்பிக்க நம் தமிழ்க் குடும்பங்களின் பங்காக 25,000 டாலர் தருவதாகச் சென்ற பொங்கல் விழாவில் நகர மன்றத்தாரிடம் ஒப்புக்கொண்டோம். அன்று கைதட்டல் பலமாக இருந்தது. இதுவரை வந்து சேர்ந்தது 14,350 டாலர். மீதி 10,650 டாலரை ஆகஸ்ட் 31-க்குள் கட்டியாக வேண்டும்.

இந்தக் கெடுவை நீட்டிக்க முடியாது. கல்லிடுக்குகளில் பூசப்போவது சுண்ணாம்புச் சாந்து. அது இறுகுமுன் உறைபனி விழுந்தால் பொடியாக உதிர்ந்துவிடும். செப்டம்பரில் சாரம் கட்டாவிட்டால் இந்த ஆண்டு வேலை கிடையாது. இன்னொரு குளிர்காலத்தை வடக்குச் சுவர் தாங்காது என்று பொறியாளர் எழுத்திலேயே கொடுத்துவிட்டார். "சிமெண்ட் பூசினால் ஆகாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். முன்பு யாரோ அப்படிப் பூசியதன் பலனைத்தான் இப்போது அனுபவிக்கிறோம். சிமெண்ட் இந்த மணற்கல்லைவிடக் கடினமானது. உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லுக்குள்ளேயே உறைந்து, கல்லின் முகத்தைத் தகடு தகடாகப் பெயர்க்கிறது.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. 1933-இல் இந்த அமெரிக்க நாட்டில் உழைப்பாளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த ஆண்டு பதவியேற்ற அதிபர் ரூஸ்வெல்ட், 1935-இல் டபிள்யூ.பி.ஏ. என்ற வேலைத் திட்டத்தைத் தொடங்கினார். 1943-இல் அது மூடப்படுவதற்குள் சுமார் 85 லட்சம் பேர் அதில் சம்பளம் வாங்கினார்கள். சாலை, பாலம், பள்ளிக்கூடம், விமான நிலையம் எனக் கட்டிக் குவித்தார்கள். மண்வெட்டியில் சாய்ந்து நிற்கச் சம்பளமா என்று அப்போதும் கேலி பேசினார்கள். நம் ஊரில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களைப் பற்றிக் கேட்கிற அதே பேச்சு. வேண்டுமானால் அவர்கள் கட்டிய நம் மண்டபத்தின் வடகிழக்கு மூலையைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு கல்லில் உளித் தடம் சாய்வாக ஓடுகிறது, அடுத்த கல்லில் நேராக, அதற்கடுத்ததில் குறுக்கும் நெடுக்குமாக. மூன்று பேர் கைகள். மூலை மட்டும் இம்மி பிசகாமல் செங்குத்தாக நிற்கிறது. வாசல் பித்தளைத் தகட்டில் 1938 என்ற ஆண்டுதான் இருக்கிறது, எந்தக் கொத்தனாரின் பெயரும் இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். கூலியை மத்திய அரசு கொடுத்தாலும், பொருள்களுக்கான செலவில் ஒரு பங்கை உள்ளூர் ஏற்க வேண்டும் என்பதே அந்தத் திட்டத்தின் நடைமுறை. வேலையில்லாக் காலத்திலும் இந்த ஊர் தன் பங்கைக் கொடுத்திருக்கிறது. நாம் அந்த நிலையில் இல்லை.

உள் சுவரிலுள்ள ஓவியமும் அந்தத் திட்டத்தின் கொடைதான். ஓவியர்களுக்கு எதற்கு அரசுச் சம்பளம் என்று கேட்டவர்களிடம், அவர்களும் மற்றவர்களைப் போலச் சாப்பிட வேண்டாமா என்று திட்டத் தலைவர் ஹாரி ஹாப்கின்ஸ் திருப்பிக் கேட்டாராம். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஓவியர்கள் ஜாக்சன் பொல்லாக், மார்க் ராத்கோ போன்றவர்கள் பிழைத்துக் கிடந்தது அந்தச் சம்பளத்தில். நம் சுவரில் வரைந்தவருக்கு அந்தப் புகழ் வாய்க்கவில்லை. கணப்படுப்புப் புகை படிந்து படிந்து, அந்த அறுவடைக் காட்சி அந்தி நேரத்தில் நடப்பதாகவே பல ஆண்டுகளாக ஊர் நினைத்திருந்தது. இந்த வசந்தத்தில் வந்த நிபுணர் பஞ்சுக்குச்சியால் உள்ளங்கை அளவு துடைத்துக் காட்டினார். உச்சிவேளை நீலம்!

செலவு விவரம்: கூரை 74,000 டாலர், கல்லும் சாந்தும் 68,000, புகைபோக்கி 20,000, ஓவியம் 14,000, ஆக 1,76,000. நகர மன்றம் 90,000 தருகிறது. மரபுச் சின்ன மானியம் 36,000. மற்ற ஊர்மக்கள் தங்கள் பங்கான 25,000-ஐ ஜூனிலேயே கட்டிவிட்டார்கள். பாக்கி நம்முடையது மட்டுமே.

1965 குடியேற்றச் சட்டம் கதவைத் திறந்த பிறகு இங்கு வந்த நம் மூத்தவர்களுக்கு அப்போது கோயிலும் கிடையாது, சங்கமும் கிடையாது. இந்த மண்டபத்தின் கணப்படுப்பில்தான் முதல் பொங்கல் பால் பொங்கியது. வாடகை கேட்காமல் சாவியைக் கொடுத்தார்கள். இன்றும் வளைகாப்பு, ஆண்டு நிறைவு, சித்திரை விருந்து எல்லாம் அங்கேதான். புதிதாகக் கட்டுவதைவிடப் பழையதைப் புதுப்பிப்பதே பெரும் புண்ணியம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பின்னாளில் இந்தத் தருமத்தைக் காப்பவர் பாதம் என் தலைமேல் என்றுதான் நம் அரசர்களும் கல்லில் வெட்டி வைத்தார்கள். பெயரில்லாத கொத்தனார்கள் அப்படி எதையும் எழுதி வைக்கவில்லை என்பதற்காக நாம் கைவிரித்துவிட முடியுமா?

இதுவரை தந்தவர்களுக்கு எங்கள் கைகூப்பிய நன்றி. ஓய்வூதியத்திலிருந்து மாதாமாதம் 50 டாலர் அனுப்பும் அம்மா, மகளின் அரங்கேற்ற விருந்தைச் சுருக்கி 2,000 டாலர் கொடுத்த தம்பதி, முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்று 640 டாலர் சேர்த்த மகளிர் அணி, உண்டியலை உடைத்து 31 டாலரைச் சில்லறையாகக் கொண்டுவந்த பாலர் வகுப்புப் பிள்ளைகள், படிக்க வந்த இடத்தில் பகுதிநேர வேலை பார்த்து ஆளுக்கு 20 டாலர் போட்ட மாணவர்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். பொங்கல் விருந்தில் பந்தி பந்தியாகச் சாப்பிட்ட குடும்பங்களில் பாதிக்கு மேல் இன்னும் ஒரு டாலர்கூடத் தரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

குடும்பத்துக்கு 100 டாலர் என்று வைத்தாலே போதும். முடிந்தவர்கள் கூட்டித் தாருங்கள். வரிவிலக்கு ரசீது உண்டு. பல நிறுவனங்கள் ஊழியர் தரும் நன்கொடைக்கு இணையாகத் தாங்களும் தருகின்றன. அலுவலகத்தில் கேட்டுப் பார்த்து அந்தப் படிவத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ஞாயிறுதோறும் தமிழ்ப் பள்ளி வாசலில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் இருப்பார். தொகை சொல்லிவிட்டு இன்னும் செலுத்தாதவர்களின் பட்டியலும் அவரிடம் இருக்கிறது. அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டமாட்டோம். ஆனால் வரும் வாரம் ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் அழைப்பார். தயவுசெய்து எடுங்கள்.

இப்படிக்கு,
கல் மண்டபத் திருப்பணிக் குழுவினர்