வீட்டுக்கோழி வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. புதிய உறுப்பினர்கள் சிலர் சேர்ந்துள்ளனர். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். எதைப் பேசத் தொடங்கினாலும் பேச்சு கோழி அடைப்பின் ஈரத்தில்தான் வந்து நின்றது என்பதால் மீதி அறிக்கை அதைப் பற்றியதே.

மழைக்காலத்தில் உறுப்பினர்களின் கோழி அடைப்புகளைக் குழுவாகப் போய்ப் பார்த்தோம். பெரும்பாலும் கூரை நன்றாகவே இருந்தது. தண்ணீர் புகுந்தது தரை வழியாக. அடைப்பு பள்ளத்தில் இருந்தால் எத்தனை மூட்டை மரத்தூள் கொட்டினாலும் வீண். மேட்டுப் பக்கம் வாய்க்கால் வெட்டி நீரைத் திருப்பிவிட்டு, உள்ளே ஓர் அடி மண் நிரப்பியவர்களுக்கு அடுத்த மழை பெரிய தொல்லையாக இல்லை. கூரைத் தண்ணீர் அடைப்பின் காலடியிலேயே விழுந்தால் அந்த உழைப்பும் போச்சு. கூரையை வெளியே நீட்டிவிட வேண்டும்.

அப்புறம் தார்ப்பாய். சாரலுக்குப் பயந்து நாலு பக்கமும் இழுத்துக் கட்டுவதைக் குழு ஏற்கவில்லை. கோழி எச்சத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். அது ஆவியாகி வெளியேற வழியில்லாவிட்டால், ஒரு சொட்டு மழை படாமலே கூளம் (தரையில் பரப்பும் மரத்தூள் போன்றவை) நனையும். அம்மோனியா நெடி ஏறும். நின்றபடி முகர்ந்தால் தெரியாது, கோழியின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். சாரல் வரும் பக்கம் கீழ்ப்பாதியை மட்டும் மறைத்து, மேலே காற்றுக்கு விடுவது போதும்.

கூளத்தில் ஈரம் 20 முதல் 25 சதவீதம் வரை இருக்கலாம். ஒரு கைப்பிடி எடுத்து அழுத்தினால் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். கோழிகளுக்கு ரத்தக்கழிச்சல் நோயை உண்டாக்கும் கிருமி, எச்சத்தில் வெளியேறிய பின் ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் 1–2 நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். மருந்துக்குக் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். கட்டிதட்டிய கூளத்தை அள்ளி வெளியே போட யாரையும் கேட்க வேண்டாம். தண்ணீர்ப் பாத்திரம் கோழியின் முதுகு உயரத்தில் இருந்தால் சிந்துவது வெகுவாகக் குறையும்.

சுண்ணாம்பு தூவுவது பற்றிக் கருத்து வேறுபாடு இன்னும் தீரவில்லை. ஈரக் கூளத்தில் தூவினால் அம்மோனியா இன்னும் கிளம்பும். எனவே கோழிகள் உள்ளே இருக்கும்போது வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்த மழைக்கு முன் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்து வாய்க்கால் வெட்டத் திட்டமிட்டுள்ளோம். அடைப்பு பள்ளத்தில் இருப்பவர்கள் இன்றே பெயர் கொடுக்கவும். அறிக்கையை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்