கேட்ட கேள்விக்கு அமைச்சரே பதில் சொல்ல வேண்டும்

அயர்லாந்து அரசின் மாண்புமிகு அமைச்சர்களுக்கு,

வணக்கம். டப்ளினுக்கு வடக்கே ஒரு சிறிய ஊரில் இருக்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றில் இரவுப் பணி பார்க்கும் செவிலி. இந்த நாட்டின் குடியுரிமை பெற்றவள். 2024 நவம்பர் 29 அன்று இரவுப் பணி முடிந்த கையோடு போய் 1, 2, 3 என்று எண் போட்டு வாக்களித்தேன். மாற்றுத்திறன் இருக்கக்கூடிய பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று அரசு பார்த்துச் சொல்லும் ‘தேவை மதிப்பீடு’ என் மகனுக்கு இன்னும் நடக்கவில்லை. அது பற்றி உங்களுக்கு ஆங்கிலத்தில் மூன்று கடிதங்கள் எழுதியாயிற்று. கடிதம் கிடைத்தது என்ற ஒப்புகை மட்டும் மூன்று முறை வந்தது. இந்த முறை, மனசில் இருப்பது எனக்கு எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியிலேயே எழுதி, எல்லோரும் படிக்கும்படி வைக்கிறேன். ஆங்கிலப் பிரதி தனியாக உங்களுக்கு வரும்.

போன சனிக்கிழமை எங்கள் தொகுதி டிடியை, அதாவது நாடாளுமன்றக் கீழவையான டாயிலின் உறுப்பினரைப் பார்க்கப் போயிருந்தேன். அவர் எதிர்க்கட்சிக்காரர். டாயில் உறுப்பினர்கள் தொகுதி மக்களைச் சந்திக்க உட்காருவதை இந்த ஊரில் ‘கிளினிக்’ என்பார்கள். எனக்கு முன்னால் ஏழு பேர். என் முறை வந்ததும் அவர் ஒரு தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். எங்களுக்காக அவர் போட்ட கேள்விக்கு அமைச்சரிடமிருந்து வந்த எழுத்துப் பதில். அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டிய வாய்மொழிக் கேள்வியாகத்தான் கொடுத்திருந்தார். கேள்விகளின் வரிசையை முடிவு செய்யும் குலுக்கலில் பின்னால் போய்விட்டதால் நேரம் கிடைக்காமல் எழுத்துப் பதிலாகிவிட்டது. முதல் பத்தியில் அரசின் உறுதிப்பாடு. இரண்டாம் பத்தியில் ஒதுக்கிய நிதி. மூன்றாவதில் ஒரே வாக்கியம்: இது சேவை சார்ந்த விஷயம் என்பதால், உறுப்பினருக்கு நேரடியாகப் பதில் தருமாறு சேவையை நடத்தும் நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டுள்ளேன். தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

அந்த நிறுவனத்தின் பதிலும் பிறகு வந்திருந்தது. கேட்ட புள்ளிவிவரம் கேட்ட வடிவத்தில் தொகுக்கப்படுவதில்லையாம்.

நாங்கள் கேட்டது இரண்டே இரண்டு. எங்கள் பகுதியில் சட்டம் சொன்ன காலக்கெடு தாண்டியும் தேவை மதிப்பீட்டுக்காகக் காத்திருக்கும் குழந்தைகள் எத்தனை பேர்? அந்தக் காத்திருப்பை எந்த மாதத்துக்குள் முடிப்பதாக அமைச்சர் நினைக்கிறார்? ஒன்றுக்கு எண், மற்றொன்றுக்கு மாதத்தின் பெயர். அமைச்சரே அவையில் எழுந்து சொன்னால் அரை நிமிடம் ஆகாது.

பின்னணி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டின் மாற்றுத்திறன் சட்டம் உங்கள் அவையே இயற்றியது. விண்ணப்பித்த மூன்று மாதத்துக்குள் மதிப்பீடு தொடங்க வேண்டும், அடுத்த மூன்று மாதத்துக்குள் முடிய வேண்டும் என்பது விதி. காலக்கெடு தாண்டிய விண்ணப்பங்கள் 2025-இல் 15,000-க்கு மேல் போய்விட்டன. இடையில் 2020-இல், மதிப்பீட்டையே 90 நிமிடமாகச் சுருக்கி வரிசையைக் குறைக்கப் பார்த்தார்கள். அது சட்டம் கேட்கும் மதிப்பீடு ஆகாது என்று 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு முன் அப்படி அரைகுறையாகப் பார்த்து அனுப்பப்பட்ட பிள்ளைகளை மறுபடி பார்க்க வேண்டி வந்தது. எல்லாம் நீங்கள் அறிந்தது.

நீங்கள் அறியாதது என் மகனின் தண்ணீர் பாட்டில்.

2024 பிப்ரவரியில் விண்ணப்பித்தோம். அப்போது அவனுக்கு மூன்றரை வயது. ஆகஸ்டில் அறிக்கை கைக்கு வந்திருக்க வேண்டும். இன்று ஐந்து முடிந்து, பள்ளியில் முதல் ஆண்டில் இருக்கிறான். காலையில் நான் நிரப்பிக் கொடுக்கும் நீல பாட்டில் மதியம் அப்படியே திரும்பி வருகிறது. முதல் வாரம் மறந்துவிட்டான் என்று நினைத்தேன். பிறகு ஆசிரியைதான் கண்டுபிடித்துச் சொன்னார். பள்ளிக் கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரம் இருக்கிறது. அந்த இரைச்சலை அவனால் தாங்க முடியாது. ஒரு முறை உள்ளே போனவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டானாம். அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. தண்ணீர் குடிக்காவிட்டால் கழிப்பறைக்குப் போக வேண்டாம் என்று தானாகவே கணக்குப் போட்டுக்கொண்டான். நான்கு வார்த்தை கோத்துப் பேசத் தெரியாத பிள்ளை, இதைக் கற்றுக்கொண்டிருக்கிறான். ஒன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடுகிறான். வெளியே வந்து ஒரே மூச்சில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்கிறான். உதடு வெடித்திருக்கிறது.

ஆசிரியை நல்லவர். முடிந்ததைச் செய்கிறார். சிறப்பு வகுப்பில் இடம் கேட்டால் நிபுணரின் அறிக்கை வேண்டும் என்கிறார்கள். அறிக்கைக்கு மதிப்பீடு வேண்டும். மதிப்பீட்டுக்கு வரிசை. தனியாரிடம் போனால் ஆயிரம் யூரோவுக்கு மேல் ஆகும். கடன் வாங்கியாவது செய்துவிடலாம் என்று கணவர் சொல்கிறார். செய்வோம். ஆனால் என் வீட்டில் இரண்டு சம்பளம் வருகிறது. எனக்கு முன்னால் கிளினிக்கில் உட்கார்ந்திருந்த, இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் அந்தப் பெண் எங்கே போவாள்? ‘வீட்டில் தமிழ் பேசுவதால்தான் பேச்சு வரவில்லை’ என்று ஒருவர் சொன்னதை நம்பி, ஒரு வருஷம் நான் என் பிள்ளையோடு தமிழில் பேசாமல் இருந்தேன். மதிப்பீடு நேரத்தில் நடந்திருந்தால் அந்த ஒரு வருஷம் எங்களுக்கு மிஞ்சியிருக்கும்.

ஆள் பற்றாக்குறை என்பீர்கள். உண்மைதான். மருத்துவத் துறையில் வேலை பார்க்கிறவள், எனக்குத் தெரியாதா? மதிப்பிட வேண்டிய நிபுணர்களை ஒரே நாளில் யாராலும் உண்டாக்க முடியாது. அதிசயம் எதையும் நான் கேட்கவில்லை. பதில் கேட்கிறேன்.

எங்கள் முதியோர் இல்லத்துக்கு ஆய்வாளர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வருவார்கள். மருந்து அட்டையில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தால், அந்த அட்டைக்குப் பொறுப்பான செவிலியைக் கூப்பிட்டு, ஏன் என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். ‘இது வேறு ஷிஃப்டின் விஷயம், அவர்கள் உங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதுவார்கள்’ என்று நான் சொன்னால் என் பதிவே போய்விடும். மாதச் சம்பளக்காரி எனக்கு இருக்கும் இந்தக் கடமை அமைச்சருக்கு எப்படி இல்லாமல் போனது? அரசு டாயில் அவைக்குப் பொறுப்பானது என்று உங்கள் அரசியல் சாசனத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. குடியுரிமை ஏற்ற நாளில் சட்டங்களை மதித்து நடப்பேன் என்று சத்தியம் செய்தவள் நான். அந்தப் பிரிவை நீங்களும் மதியுங்கள்.

பதில் சொல்லாத கேள்வி எங்கே போய் முடியும் என்பதற்கு இந்த நாடு முன்பே விலை கொடுத்திருக்கிறது. மாட்டிறைச்சித் தொழிலின் முறைகேடுகள் பற்றிய விசாரணை 1991-இல் தொடங்கி 1994-இல்தான் அறிக்கை வந்தது. அதை நடத்திய நீதிபதி லியம் ஹாமில்டன் என்ன சொன்னார்? இங்கே பதில் கிடைப்பதுபோல டாயிலிலேயே பதில் கிடைத்திருந்தால் இந்த விசாரணையே தேவைப்பட்டிருக்காது என்றார். அதோடு அரசுகள் திருந்தவில்லை. அரசு வசமிருந்த வங்கி, தனக்குக் கடன்பட்டிருந்த சைட்செர்வ் நிறுவனத்தின் விற்பனைக்கு இசைந்தது பற்றி எதிர்க்கட்சி வரிசையிலிருந்து கேத்தரின் மர்ஃபி கேள்வி மேல் கேள்வியாகப் போட்டார். நிதித்துறை அதிகாரிகளுக்கே அந்த விற்பனையில் கவலை இருந்தது என்ற உண்மை, 2015-இல் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக வந்த ஆவணங்களில்தான் தெரிந்தது. விசாரணை ஆணையம் போட்டு அறிக்கை வர 2022 ஆனது. அவர்கள் கேட்டது பணத்தைப் பற்றி. போன பணத்துக்காவது கணக்குப் பார்க்க முடியும். மூன்றரை வயதிலிருந்து ஐந்து வயதுவரை போன காலத்தை எந்த ஆணையத்திடம் போய்க் கேட்பது?

2025 மார்ச் 25 அன்று அவையில் நடந்ததைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அரசை ஆதரிக்கும் சுயேச்சைகளுக்கும் கேள்வி நேரத்தில் எட்டு நிமிடம் ஒதுக்கலாமா என்பதுதான் விவகாரம். அவை பல முறை ஒத்திவைக்கப்பட்டது. அவைத்தலைவர் குரல் எடுபடவில்லை. எதிர்க்கட்சிகள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. அரசைக் கேள்வி கேட்கும் நேரம் அவர்களுடையது மட்டுமல்ல, எங்களுடையதும்தான். அந்த நேரத்தில் பங்கு கேட்கிறவர்கள் அதில் என்ன கேட்கப்போகிறார்கள் என்று யோசித்தேன். எதிர்க்கட்சியினருக்கும் ஒன்று சொல்லத் தோன்றியது: சண்டை போட்டுக் காக்கும் நிமிடங்களில் எங்கள் கேள்வியைக் கேளுங்கள், பதில் வரும்வரை விடாதீர்கள்.

அதே ஆண்டு மே மாதம், 14 வயதுச் சிறுமி ஒருத்தி இந்த மதிப்பீடுகளுக்காக நாடாளுமன்றம் கூடும் லென்ஸ்டர் ஹவுஸ் வாசலில் 50 மணி நேரம் இருந்தாள். என் மகனைக் கூட்டிக்கொண்டு நானும் போயிருந்தேன். அவனுக்குக் கூட்டம் ஒத்துக்கொள்ளாது. இருபது நிமிடம்தான் நிற்க முடிந்தது. அவ்வளவு நேரமும் வேலிக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே நடந்தான். உள்ளே எதிர்க்கட்சிகள் பிரதமரிடம் இதைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தன. உள்ளே பேசுவதற்கும் வெளியே கம்பியை எண்ணுகிற பிள்ளைக்கும் இடையில் இருந்த தூரம் ஒரு தெருவின் அகலம்கூட இல்லை. சட்டத்தை அரசே மீறும்போது பதினான்கு வயதுப் பிள்ளை வந்து வாசலில் உட்கார வேண்டியிருக்கிறதே, அது உங்களில் ஒருவருக்காவது உறுத்தியதா?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களை அவமதிக்க எனக்கு எண்ணமில்லை.

என் வேண்டுகோள் ஒன்றுதான். இந்தக் கேள்வியை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். சம்பந்தப்பட்ட அமைச்சரே அவையில் எழுந்து பதில் சொல்லுங்கள். எண் கையில் இல்லையென்றால், இல்லை என்று சொல்லி, எந்தத் தேதியில் தருவீர்கள் என்று சொல்லுங்கள். அந்த மாதம் அடுத்த ஆண்டில் இருந்தாலும் பரவாயில்லை, மாதத்தின் பெயரைச் சொல்லுங்கள். அதை வைத்துக்கொண்டு நாங்கள் பள்ளியோடு பேசிக்கொள்வோம், கடன் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்வோம்.

எங்கள் டிடி அதே இரண்டு கேள்விகளை, ஒரு சொல்லும் மாற்றாமல், மறுபடி கொடுக்கிறார். பார்வையாளர் மாடத்துக்கு எனக்கு அனுமதிச் சீட்டும் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு இரவுப் பணியை மாற்றிக் கேட்டிருக்கிறேன். வந்து உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
பணிவுடன்,
வரிசையில் நிற்கும் ஒரு பிள்ளையின் அம்மா