நஜிப்பை விட்டுவிடலாமா என்று கேட்டாய்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நம் மலேசியாவின் முன்னாள் பிரதமர், சிறையில் இருக்கிற நஜிப்பைப் பற்றி, "எழுபது வயசு தாண்டிருச்சு, நஜிப்பை விட்டுரலாமேப்பா, நாடு வேற வேலையப் பார்க்கட்டும்" என்று நீ கேட்டாய். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு இதில் சம்மதம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அது யார் பணம் என்று பார். அரசாங்க முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியில் நடந்த மோசடி என்றாலே எல்லாரும் அதன் சூத்திரதாரி என்று சொல்லப்படும் ஜோ லோ, சொகுசுக் கப்பல், பெட்டி பெட்டியாகக் கைப்பை என்றுதான் பேசுகிறார்கள். ஆனால் நஜிப் முதலில் உள்ளே போனது, 1எம்டிபியின் துணை நிறுவனமாகத் தொடங்கிய எஸ்ஆர்சி கம்பெனி வழக்கில். 2011இலும் 2012இலும் இரண்டு தவணையாக 400 கோடி வெள்ளி (ரிங்கிட்) அந்தக் கம்பெனிக்குக் கடனாகப் போனது. கொடுத்தது அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதி. அந்தக் கடனுக்கு அரசாங்கமே உத்தரவாதம் போட்டது. போட்ட அமைச்சரவைக்குத் தலைவர் அவர். எஸ்ஆர்சியிலிருந்து 4 கோடியே 20 லட்சம் வெள்ளி அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது. தமிழ்ப்பள்ளியில் சாக்பீஸ் பிடித்தவனுக்கும், ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி பார்த்த உன் அத்தைக்கும் வயதான காலத்துக்கென்று ஒதுக்கிவைத்த நிதி அது. மாதா மாதம் பென்சன் எடுக்க பேங்கில் வரிசையில் நிற்கும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

வழக்கு சும்மா நடக்கவில்லை. 2020 ஜூலையில் உயர்நீதிமன்றம் ஏழு குற்றச்சாட்டிலும் குற்றவாளி என்றது. 12 ஆண்டு சிறை, 21 கோடி வெள்ளி அபராதம். மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகள் அதையே உறுதி செய்தார்கள். 2022 ஆகஸ்ட் 23இல் நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் அதையே சொன்னார்கள். அன்றைக்கே காஜாங் சிறைக்குப் போனார். பிறகு போட்ட மறுஆய்வு மனுவில் ஒரு நீதிபதி மாறுபட்டார், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் மற்ற நால்வரும் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

அப்புறம் என்ன நடந்தது? 2024 ஜனவரி 29இல் மன்னிப்பு வாரியம் கூடியது. அவர் உள்ளே போய் ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. 12 ஆண்டு ஆறாகியது, 21 கோடி அபராதம் 5 கோடியாகியது. ஏன் குறைத்தார்கள் என்பதற்கு அறிக்கையில் ஒரு வரி விளக்கம் கிடையாது. மன்னிக்கும் அதிகாரம் மாமன்னருக்கு உண்டு, அரசியல் சட்டம் 42ஆவது பிரிவில் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் பணத்தைப் பறிகொடுத்தவர்களுக்குக் காரணம் சொல்லாமல் கொடுக்கிற மன்னிப்பு எந்த ஊர் நியாயம்மா? சில்லறைத் திருட்டுக்கு உள்ளே போன பையனின் தாய்க்கு அந்த வாரியம் எங்கே கூடுகிறது என்றுகூடத் தெரியாது.

"அன்வாருக்கும் 2018இல் மன்னிப்புக் கொடுத்தாங்களே" என்று நீ கேட்பாய். நியாயமான கேள்விதான், என்னை ரொம்ப யோசிக்க வைத்த கேள்வியும் அதுதான். பிறகு பிரதமரான அன்வாருக்குக் கொடுத்தது நீதி பிறழ்ந்துவிட்டது என்ற அடிப்படையில். அந்த வழக்கில் பொதுப் பணம் ஒரு காசு சம்பந்தப்படவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

தென்கொரியாவில் முன்னாள் அதிபர் பாக் குன் ஹேயை 2021 கடைசியில் மன்னித்து விடுதலை செய்ததையும் சொன்னாய். அங்கே அவர் மீதிருந்த வழக்குகளெல்லாம் முடிந்து இறுதித் தீர்ப்பும் வந்திருந்தது. அபராதத்துக்காக வீட்டையே ஏலம் விட்டிருந்தார்கள். ஐந்து ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக உள்ளே இருந்தார். அதுவே சரிதானா என்பது கொரியர்கள் பேசிக்கொள்ள வேண்டியது.

உனக்கு நினைவிருக்கிறதா, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நம் கோயில் கமிட்டியில் பொருளாளர் ஒருவர் தீமிதிப் பணத்தில் கைவைத்தார். பிடிபட்டதும் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று "நான்தான் எடுத்தேன்" என்றார். மோட்டார் சைக்கிளை விற்றார், மீதியை மாதா மாதம் கட்டினார், ஒவ்வொரு தடவையும் ரசீது வாங்கிக்கொண்டார். கட்டி முடித்த பிறகு ஊர் அவரை மன்னித்தது, அடுத்த திருவிழாவில் அன்னதானத்துக்கு முன்னால் நின்று பரிமாறினார். உண்டியல் சாவி மட்டும் அவர் கைக்குத் திரும்பவே இல்லை.

நஜிப் 2024 அக்டோபரில் மகன் மூலம் ஒரு மன்னிப்புக் கடிதம் வாசிக்கச் சொன்னார். தன் ஆட்சியில் 1எம்டிபி விவகாரம் நடந்ததற்கு வருத்தம், ஆனால் தனக்கு எதுவும் தெரியாது என்பதுதான் அதன் சாரம். நிதியமைச்சரும் அவரே, பிரதமரும் அவரே. தெரியாது என்றால் எப்படி நம்புவது? 2025 டிசம்பர் 26இல் 1எம்டிபி வழக்கிலும் 25 குற்றச்சாட்டிலும் குற்றவாளி என்று தீர்ப்பு வந்துவிட்டது. 15 ஆண்டு சிறை, 1,100 கோடி வெள்ளிக்கு மேல் அபராதம். அதற்கு நாலு நாள் முன்னால்தான், மீதித் தண்டனையை வீட்டுக்காவலில் கழிக்க அவர் போட்ட மனுவும் தள்ளுபடியானது. மேல்முறையீடு செய்ய அவருக்கு உரிமை உண்டு, செய்யட்டும். வழக்கு முடியாமல், பணம் திரும்பாமல், செய்தேன் என்று ஒரு வார்த்தை வராமல், எதை மன்னிப்பது?

அவர் நமக்குச் செய்ததை நான் மறக்கவில்லை. தமிழ்ப்பள்ளிகளுக்கு அவர் காலத்தில் ஒதுக்கீடு வந்தது, தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு வந்து நம் மக்களோடு நின்றார். உன் சித்தப்பா இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார். ஆனால் பள்ளிக்கு வந்த ஒதுக்கீடும் நம் வரிப்பணம்தானே. அதற்கு நன்றி சொல்லலாம், அதைக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது.

அவர் உடம்புக்கு முடியாமல் போனால் நல்ல வைத்தியம் கொடுக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. சிறையில் யாருக்கும் அது மறுக்கப்படக் கூடாது.

முழு மன்னிப்பு வேண்டும் என்று அவருடைய கட்சியான அம்னோவில் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். அடுத்த பொதுத்தேர்தலில் இது மேடைக்கு மேடை வரும், கூட்டணி பேரத்திலும் வரும். நீ மெல்பர்னில் இருந்தே அஞ்சல் வாக்குப் போடலாம். விண்ணப்பம் திறந்ததும் பதிந்துவிடு, கடைசி நாள்வரை தள்ளிப்போடாதே. உன் ஓட்டு யாருக்கு என்று அப்பா கேட்க மாட்டேன். நம் தொகுதியில் நிற்பவர் இந்த மன்னிப்பைப் பற்றி என்ன சொல்கிறார் என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போடு.

அன்புடன்,
அப்பா